மணப்பட்டு மணலில் கனடா சறுக்குத் தட்டு

ஆவணியில் விடுமுறைக்கு வந்த பெரியப்பா மகன் ரவி அண்ணன், கனடாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சறுக்குத் தட்டைத் தூக்கி வந்திருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டும் தொட்டி போல இருக்கும், நீளம் மட்டும் ஆறடி. அங்கே உறைந்த ஏரியில் மீன் பிடிக்கப் போகும்போது சாமான்களை அதில் ஏற்றி, நாலு பெரிய சக்கரம் வைத்த ஏடிவி வண்டியில் இழுப்பார்களாம். வில்லியனூர் வெயிலுக்கு இது எதற்கு என்றால், மணலில் இழுத்துப் பார்க்க ஆசை என்றார். கிறுக்குதான், ஆனால் எனக்கும் ஆசை வந்துவிட்டது.

எங்கள் தெருவில் மீன் விற்கும் வளர்மதி, கடலோர மணப்பட்டுக்காரி. வில்லியனூரில் ஒரு மறுவீட்டு விருந்துக்கு முப்பது கிலோ வஞ்சிரம் தர ஒப்புக்கொண்டிருந்தாள். அவளுடைய முதல் பெரிய ஆர்டர் அது. பதினொரு மணிக்குள் மீன் கெடாமல் போய்ச் சேர வேண்டும். கரைக்கு ஐஸ் கொண்டுபோகும் டிராக்டரோ பழுதாகிக் கிடந்தது. "ஐஸ நாங்க கொண்டாரோம்" என்று ரவி அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஞாயிறு காலை 5.45க்குக் கிளம்பினோம். கரிக்கலாம்பாக்கத்தில் ஏடிவி வாடகை அரை நாளைக்கு 1,200 ரூபாய், அதை ஏற்ற குட்டியானை சரக்கு வண்டி 1,500. பாகூரில் இரண்டு பார் ஐஸ் வாங்கிக்கொண்டு மணப்பட்டு போய்ச் சேர மொத்தம் 22 கிலோமீட்டர். தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து படகுவரை 700 மீட்டர் மணல்.

8.10க்கு ஐஸைத் தட்டில் ஏற்றிச் சாக்குப் போட்டு மூடி, நாலு மீட்டர் கயிற்றில் கட்டி இழுத்தோம். தட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. அண்ணனுக்கு ஒரே பெருமை. காயப்போட்டிருந்த வலையைத் தவிர்க்க வண்டியைத் திருப்பினார். நீளக் கயிற்றில் தட்டு வீசியடித்துக் கவிழ்ந்தது. ஒரு பார் மூன்று துண்டானது. அண்ணன் முகம் செத்துப்போனது.

படகருகே நின்ற வளர்மதி ஓடி வந்தாள். "கயிறு இம்மாம் நீளம் இன்னாத்துக்குண்ணே?"

"அங்க ஏரியில ஐஸ் உடைஞ்சா வண்டி மட்டும் முழுகும், தட்டு தப்பிச்சிரும். அந்தப் பழக்கம்மா."

"இங்க ஐஸ ஒடைக்கிறதுக்குன்னே கட்ட வெச்சிருக்கோம். பாதி வேலய முடிச்சுட்டீங்க, வுடுங்க."

துண்டுகளைக் கடல்நீரில் அலசினாள். கயிற்றை ஒரு முழமாகக் குறுக்கிக் கட்டினாள். மீனையும் நொறுக்கிய ஐஸையும் பெட்டியில் மாற்றி மாற்றி அடுக்கி, அதே தட்டில் மேலே சாலைக்குக் கொண்டுவந்தோம். ஈர மணலை ஒட்டியே ஓட்டச் சொன்னாள், தட்டு ஆடவில்லை.

10.20க்கு விருந்து வீட்டில் இறங்கினோம். சமையல்காரர் செவுளைத் தூக்கிப் பார்த்தார். நல்ல சிவப்பு. "அடுத்த மாசம் இன்னொரு மறுவீடு கீது. நம்பர் குடும்மா" என்றார். வளர்மதி நம்பரை இரண்டு முறை சொன்னாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஏடிவியைச் சாலையில் ஓட்டாதீர்கள். ஊர்க்காரர்களைக் கேட்டுவிட்டே கரையில் இறங்குங்கள். ஆமை முட்டையிடும் மாதங்களில் அந்தப் பக்கமே வேண்டாம். தொப்பி அவசியம், நான் மறந்து கருத்தேன். பழகிய வேலைதானே என்று புது இடத்தில் கேட்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அண்ணனே சாட்சி.

அண்ணன் திரும்பிப் போனபோது தட்டை எடுத்துப் போகவில்லை. போன வாரம் வளர்மதி ஒரு படம் அனுப்பினாள். டிராக்டர் சரியாகிவிட்டதாம். அதன் பின்னால் தட்டு, தட்டு நிறைய ஐஸ். கயிறு ஒரு முழம்தான்.