குரல் கேட்டு பில் போட்ட காசி அண்ணன்

காசி அண்ணன் இறந்துட்டாரு. காலையில அண்ணி போன் பண்ணினாங்க... சுகர் முத்தி கிட்னி ரெண்டும் போயிடுச்சாம். நாளைக்கு மத்தியானம் திருவாடானையில எடுக்குறாங்க.

ராமநாதபுரத்துல ஒரு மிளகாய் கமிஷன் கடையில நாங்க ஒண்ணா வேலை பார்த்தோம். அவர் பில், நான் கணக்கு. 2003 வாக்குல.

பில் போடுற புரோகிராம் அவரே எழுதினது. கறுப்பு ஸ்கிரீன், வெள்ளை எழுத்து, மவுஸ் கிடையாது. பேரைக் கேக்கும், ஊரைக் கேக்கும், எடையைக் கேக்கும்... டைப் பண்ற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கும்.

அப்பவே சுகர்ல அவருக்குக் கண் போய்க்கிட்டிருந்தது. கடையில எனக்கு மட்டும்தான் தெரியும். முதலாளிக்குத் தெரிஞ்சா வேலை போயிடும், வீட்டுல ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க.

ஒரு நாள் மைக்கை என் கையில குடுத்து, "தாயி, பேரு என்ன, எந்த ஊரு, எடை எவ்வளவுன்னு சத்தமாச் சொல்லு"ன்னாரு. ஸ்கிரீன் கேக்குற கேள்வியை இனி ஸ்பீக்கர்ல பதிஞ்சு வச்ச என் குரல் கேக்கும்.

முதல்ல ஒரே சொதப்பல். நான் பேசி முடிக்கிற வரைக்கும் எந்தக் கீயைத் தட்டினாலும் ஏறாது. மல்லுக்கட்டி சரி பண்ணினாரு... குரல் பாட்டுக்கு ஓடும், முதல் எழுத்தைத் தட்டினதும் நின்னுடும்.

"உன் வாயை அடைக்க ஒரு கீ போதும் தாயி"ன்னு சிரிச்சாரு. பாவி மனுசன்.

விளைஞ்ச மிளகாயை மூடை கட்டிக் கொண்டு வர்ற சம்சாரிங்க அந்தக் குரல் தங்களைத்தான் கேக்குதுன்னு நினைச்சுட்டாங்க. "ஊரு சிக்கலுத்தா, கருப்பையான்னு போடு!"ன்னு ஸ்பீக்கரைப் பார்த்துக் கத்துவாங்க. தராசுல நிக்கிறவர் எடையைக் கூவுவாரு. அதையெல்லாம் காதுல வாங்கி அண்ணன் டைப் பண்ணிடுவாரு. யாருக்கும் சந்தேகமே வரல.

அப்புறம் முதலாளி மகன் புது சாஃப்ட்வேர் வாங்கிப் போட்டாரு. கலர் கலரா, மவுஸோட... சத்தமே இல்லாம.

காசி அண்ணன் மவுஸ் மேல கையை வச்சுக்கிட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. வரிசை வாசல் வரைக்கும் போயிடுச்சு.

"என்னண்ணே, ஸ்கிரீன்லதான இருக்கு, பார்த்து அமுக்குங்க"ன்னாரு அந்தத் தம்பி.

"கண்ணு தெரியல தம்பி."

மறுநாள்லருந்து வர வேணாம், தேவைப்பட்டா கூப்பிட்டு விடுறோம்னுட்டாங்க.

அண்ணி இன்னைக்குத்தான் சொன்னாங்க... தினமும் கடை திறக்குற நேரத்துக்குக் குளிச்சு, வேலைக்குப் போற சட்டையைப் போட்டுக்கிட்டு வாசல்ல சேர்ல உக்காந்துடுவாராம். "கூப்பிட்டு விட்டா உடனே கிளம்பணும்ல"ம்பாராம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன அன்னைக்கும் அந்தச் சட்டைதானாம்.

யாரும் கூப்பிட்டு விடல.

போயிட்டு வாங்கண்ணே...