ஆளுக்குப் பாதி

தேக்குப் பலகையில் சதுரங்கக் காயை வைக்கும்போதெல்லாம் ‘டொக்’கென்று எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமையா, இந்தியக் குடியுரிமையா என்று பாண்டிச்சேரிக்காரர்கள் முடிவு சொல்ல வேண்டியிருந்த 1962ஆம் வருஷம் அது. எனக்கு ஒன்பது வயது, தம்பி செல்வத்துக்கு ஆறு. சைகோனில் ‘சொல்தா’வாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில், இருந்து திரும்பிய எங்கள் தாய்மாமாவுக்குப் பிள்ளை இல்லை. பிரான்சுக்கே குடிபோகத் தீர்மானித்த அவர், எங்கள் இருவரையும் தன்னோடு அனுப்பும்படி அப்பாவை விடாமல் நச்சரித்தார். மறுத்து மறுத்துச் சலித்த அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், "சதுரங்கம் ஒரு ஆட்டம் ஆடுவோம் மச்சான். நீங்க ஜெயிச்சா கூட்டிட்டுப் போங்க. நான் ஜெயிச்சா இந்தப் பேச்சையே விட்டுடணும்" என்று சொல்லிவிட்டார்.

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றேன். மாமா, ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அப்பா தன் ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை ஒரே கட்டம் நகர்த்த, மாமா சிரித்தார்.

"இப்படித் தொடங்குறதுக்குப் பேரே பிரெஞ்சுத் தடுப்பு. எங்க ஆட்டத்தையே எங்கிட்ட ஆடுறியா மாப்ள?"

அப்பா அடுத்த காயை நகர்த்தினார். அவருடைய குதிரைகளும் யானைகளும் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டன. அவர் ராஜாவைக் குறிவைத்து மாமா ‘எஷெக்’ என்று சொல்லும்போதெல்லாம், கப்பல் ஏறிவிட்டதாகவே நினைத்துத் தம்பியின் கையை இறுக்கினேன். "வலிக்குது" என்றான்.

கடைசியில் அப்பாவிடம் ராஜாவும் மந்திரியும்தான் மிஞ்சின. அந்த மந்திரியை வைத்து மாமாவின் ராஜாவை விரட்டத் தொடங்கினார். அது இந்தக் கட்டத்துக்கும் அந்தக் கட்டத்துக்குமாக ஓடியது, தப்பவுமில்லை, சாகவுமில்லை. வெகுநேரம் கழித்து மாமா பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"‘நுல்’. யாருக்கும் வெற்றியில்ல."

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அடுப்படியிலிருந்து வந்த அம்மா, "அப்ப புள்ளைங்க இங்கதான இருக்கும், அண்ணே?" என்றாள்.

"சமமா முடிஞ்சா ஆளுக்குப் பாதிம்மா" என்றார் மாமா, நிதானமாக. "ஒண்ணு உனக்கு, ஒண்ணு எனக்கு."

அப்பா தலை நிமிரவில்லை. அம்மா பாய்ந்துவந்து என்னை இழுத்து அணைத்தாள். "பொட்டப்புள்ளைய அவ்ளோ தூரம் அனுப்ப மாட்டேன்" என்றாள். பயத்தில் வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். அதுவே தம்பியை அனுப்பச் சம்மதித்த சொல்லாகிவிட்டது.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது ஒரு தங்கும் விடுதி நிற்கிறது. செல்வம் பிரான்சிலேயே வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டான். தமிழ் அவன் வாயிலிருந்து எப்போதோ போய்விட்டது. அம்மா இறந்த செய்தியைக்கூட, பிரெஞ்சு படித்த என் மகள்தான் தொலைபேசியில் அவனுக்குச் சொன்னாள். அவன் அழுவது மட்டும் எனக்குப் புரிந்தது.