தண்ணீர்ப் பாரம்

எனக்குக் கடல் என்றால் பயம். சும்மா பேச்சுக்குச் சொல்கிற பயம் இல்லை. தருமபுரிப் பக்கம் பிறந்து, முழங்காலுக்கு மேல் தண்ணீரைப் பார்க்காமல் வளர்ந்தவள் நான். கல்யாணமாகி, கணவர் வேலை பார்த்த அணுமின் நிலையத்தின் அணுபுரம் குடியிருப்புக்கு வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் எல்லாரும் அலையில் கால் நனைக்கும்போது நான் மணலில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பேன். எனக்கு வாய்த்த கணவரோ கல்லூரியில் என்.சி.சி. கடற்படைப் பிரிவில் பாய்மரப் படகு ஓட்டியவர். நாற்பது வயதில், தொண்ணூறுகளின் கடைசியில், அவருக்கு அந்த ஆசை திரும்பிவிட்டது.

சென்னையில் ஒருவர் மூன்று சின்னப் பாய்மரப் படகுகளை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மூன்றும் பதினேழு அடி. எதை வாங்கினாலும் ட்ரெய்லரில் ஏற்றி எங்கள் பழைய ஜீப்பின் பின்னால் கட்டி இழுத்து வரலாம். வாங்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், இரண்டு நாள் பேசாமலும் இருந்து பார்த்தேன். ஒன்றும் நடக்காததால், வாங்கினால் கவிழாத படகாக வாங்க வேண்டும் என்று இறங்கி வந்தேன். நான் ஒன்பதாம் வகுப்புக்கு இயற்பியல் ஆசிரியை. பயத்துக்கு எனக்குத் தெரிந்த ஒரே மருந்து அட்டவணை போடுவதுதான்.

ரெக்கார்டு நோட்டில் கட்டம் போட்டேன். பாயில் காற்று அடித்தால் படகு சாயும், சாய்ந்ததை நிமிர்த்த அடியில் கனம் வேண்டும் என்று அவர் விளக்கினார். பேலஸ்ட் என்பார்கள். நாங்கள் வீட்டில் அடிப்பாரம் என்றோம். முதல் படகுக்கு அடிப்பாரமே கிடையாது. காற்று அடிக்கிற பக்கம் ஆட்கள் நகர்ந்து உட்கார்ந்து தங்கள் உடம்பால் நிமிர்த்த வேண்டும். அதை நான் சிவப்புப் பேனாவால் அடித்தேன். இரண்டாவது மொத்தம் ஐந்நூற்று இருபது கிலோ. அதில் நூற்றுத் தொண்ணூறு கிலோ, அடியில் துடுப்பு மாதிரி தொங்கிய இரும்பு. மூன்றாவது காலியாக முந்நூற்று முப்பது கிலோதான். கடலில் இறக்கிய பிறகு தரைப்பலகைக்கு அடியில் இருக்கும் தொட்டியில் நூற்றுத் தொண்ணூறு கிலோ கடல்நீரை நிரப்பிக்கொள்ள வேண்டும். ஆக, கடலில் இரண்டுக்கும் ஒரே எடை, ஒரே விகிதம், முப்பத்தாறரை சதவீதம். இரும்பு எவ்வளவு ஆழத்தில் தொங்குகிறது, தண்ணீர் எவ்வளவு மேலே இருக்கிறது என்பதற்கு நான் ஒரு கட்டம் போட்டிருக்க வேண்டும். வருஷா வருஷம் நெம்புகோல் பாடம் நடத்துகிறவளுக்கு அது தோன்றவில்லை.

காகிதத்தில் போட்ட எடையை அவரும் நம்பவில்லை. இரும்புப் படகை ஒரு நாள் இரவலாகக் கேட்டு இழுத்து வந்து, செங்கல்பட்டில் அரிசி லாரி நிறுக்கும் எடைமேடையில் ஏற்றினார். பில் போடுகிறவர் வெளியே வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இது லோடா, காலி வண்டியா, எப்படி எழுதுவது என்று நிஜமாகவே குழம்பினார். ட்ரெய்லரைக் கழித்துப் பார்த்தால் சொன்னதைவிட நாற்பது கிலோ கூடுதல். திரும்பும்போது ஏரிக்கரை வளைவில் ஒரு பஸ் குறுக்கே வர, அவர் பிரேக்கை அழுத்தினார். ஜீப் நின்றது. பின்னாலிருந்த படகு நிற்காமல் எங்களைத் தள்ளிக்கொண்டே போய்த் தடுப்புக் கல்லில் முட்ட வைத்தது. அன்றைக்கே நான் முடிவு செய்தேன். சாலையில் லேசாகவும் கடலில் கனமாகவும் இருக்கிற அந்தத் தண்ணீர்ப் படகுதான் வேண்டும் என்றேன். அவருக்கு இரும்பில்தான் மனசு. எனக்காக விட்டுக்கொடுத்தார்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்தில் படகை இறக்குவோம். ஐந்தாறு பேர் மணலில் தள்ளிவிடுவார்கள். அலை உடைகிற இடத்தைத் தாண்டி நங்கூரம் போட்டு, அடி வால்வைத் திறந்து, கைக்கடிகாரத்தில் பத்து நிமிஷம் பார்த்து மூடுவார். தொட்டி நிறைந்துவிடும். முதல் நாள் அதைப் பார்த்த மூத்த மீனவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “இன்னா சார் இது, நாங்க உள்ள வர்ற தண்ணிய வாரிக் கொட்டிகினு கீறோம், நீங்க காத்திருந்து புட்ச்சிகினு போறீங்க.”

ஒரே ஒரு தடவை நானும் அந்தப் படகில் ஏறினேன். நங்கூரத்திலேயே நிற்கும், நகராது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஏறினேன். முன்பக்க இருக்கைப் பலகைக்குக் கீழே விரல் தடிமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் தண்ணீர் ஏற ஏற உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிற வழி அது. எப்போதும் திறந்தே இருக்கும். தொட்டி நிறைந்த பிறகு ஓர் அலை படகைத் தூக்கிப் போட்டது. அந்தக் குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் காலில் அடித்தது. படகின் வயிற்றுக்குள்ளிருந்து கடல் உள்ளே வருகிறது என்று கத்திக் காலைப் பலகைமேல் தூக்கிக்கொண்டேன். இரண்டு கரண்டித் தண்ணீருக்கா இந்த ஆர்ப்பாட்டம் என்று அவர் கேட்டார். என் மனசை விட்டு அந்தக் குழாய் போகவே இல்லை. வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போதுகூட அது பீய்ச்சிக்கொண்டிருந்தது.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அப்பாவோடு படகில் போக வேண்டும் என்று ஒரு சீசன் முழுக்கக் கெஞ்சினாள். நான் அசையவில்லை. கடைசியில் மாசி மாதம், கடல் குளம் மாதிரி கிடக்கிறது என்று அவர் சொன்னபோது சரி என்றேன். அதற்கு முன் ஒரு காரியம் செய்தேன். பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு ரப்பர் தக்கையை எடுத்து வந்து, சனிக்கிழமை மத்தியானம் அவர் தூங்கும்போது, வீட்டுக்குப் பின்னால் நின்ற படகில் ஏறி அந்தக் குழாயின் வாயில் வைத்து அழுத்தினேன். அளவெடுத்தது போலப் பொருந்தியது. இனி என் மகள் காலில் கடல் பீய்ச்சாது என்று நிம்மதியாக இறங்கினேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்.

அடுத்த நாள் காலை ஆறரை மணிக்குக் குப்பத்தில் இருந்தோம். உயிர்காப்புச் சட்டையின் நாடாவை மகளுக்கு நானே மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். படகு அலையைத் தாண்டியது, நங்கூரம் போட்டார், பத்து நிமிஷம் காத்திருந்தார். என் பக்கத்தில் நின்ற மூத்த மீனவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“இன்னா யம்மா, போட்டு இன்னிக்கி ரொம்ப மேலாக்க நிக்கிது? தண்ணி புடிக்கலயா சாரு?”

பிடித்தார், நான் பார்த்தேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் குழாயில் நான் வைத்த தக்கை நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு ஜூனிலும் நான் ஒரு செய்முறை காட்டுவேன். பாட்டில் வாயில் புனலை வைத்து, சுற்றிலும் களிமண்ணால் அடைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுவேன். தண்ணீர் இறங்காமல் புனலிலேயே நிற்கும். ஏன் என்று கேட்பேன். காற்று போக வழியில்லை டீச்சர் என்று நாற்பது பிள்ளைகளும் ஒன்றாகக் கத்துவார்கள். தொட்டியில் தண்ணீர் இல்லை. நூற்றுத் தொண்ணூறு கிலோவில் ஒரு குடம்கூட இல்லை. அடிப்பாரம் இல்லாத படகில் என் மகளை உட்கார வைத்து அனுப்பியிருக்கிறேன்.

அதற்குள் நங்கூரத்தைத் தூக்கிவிட்டார். பாய் ஏறியது. நான் செருப்போடு தண்ணீருக்குள் ஓடினேன். முழங்கால், தொடை, இடுப்பு. வாழ்நாளில் அவ்வளவு தூரம் கடலுக்குள் போனதில்லை. இரண்டு கையையும் வீசி, திரும்பி வாங்க, போகாதீங்க, பாயை இறக்குங்க என்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. மகள் என்னைப் பார்த்துவிட்டாள். அம்மா தண்ணீரில் இறங்கிவிட்டாள் என்ற சந்தோஷத்தில் எழுந்து நின்று கையை ஆட்டினாள்.

அப்போதுதான் தெற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. பெரிய காற்றுகூட இல்லை, என் முந்தானை படபடத்தது, அவ்வளவுதான். படகு சாய்ந்தது. நிமிர வேண்டிய இடத்தில் நிமிரவில்லை. நிதானமாகப் பக்கவாட்டில் படுத்தது, பாய் முழுதும் தண்ணீரில் விரிந்தது. அவர் தலை தெரிந்தது. இன்னொரு தலை தெரியவில்லை.

மூத்த மீனவரும் இன்னும் இரண்டு பேரும் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனார்கள். படகுக்குப் பக்கத்தில் என் கணவர் முங்குவதும் மேலே வருவதும் தெரிந்தது. முங்கினார், வந்தார், மறுபடி முங்கினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. தக்கை, தக்கை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனாம், பக்கத்தில் நின்ற மீன்கார அம்மா பிறகு சொன்னாள். அவளுக்கு அது என்னவென்று புரியவில்லை, நல்லவேளை.

மகள் பாய்க்கு அடியில் மாட்டியிருந்தாள். நான் மூன்று முடிச்சுப் போட்ட சட்டை அவளை மேலே தூக்கிப் பாயோடு சேர்த்து அழுத்தி, வெளியே வர விடவில்லை. மீனவர் கத்தியால் பாயைக் கிழித்து அவளை இழுத்தார். கரைக்குக் கொண்டுவந்தபோது நீலம் பாரித்திருந்தாள். கவிழ்த்துப் போட்டு முதுகில் அடித்தார்கள். வாந்தி எடுத்தாள், பிறகு அழுதாள். ஒரு வாரம் இருமினாள், வேறொன்றும் ஆகவில்லை.

எல்லாரும் அவளைச் சுற்றி நின்றபோது, கரைக்கு இழுத்துவந்த படகில் நான் ஏறினேன். பலகைக்கு அடியில் கை விட்டுத் தக்கையை உருவினேன். உள்ளே அடைபட்டிருந்த காற்று மெல்லப் புஸ்ஸென்றது. தக்கையை முந்தானையில் முடிந்துகொண்டு இறங்கினேன். அந்த நிமிஷம் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் செய்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தொட்டியின் வடிகாலைத் திறந்தார். அரை வாளிகூட வரவில்லை. அதையே பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

“வால்வைத் திறந்தேன்னு நினைச்சேன்” என்றார். “திறக்கவே இல்லை போல. நம்ம குழந்தையை நானே கொன்னிருப்பேன். என்னை மன்னிச்சிடு.”

பரவாயில்லை என்று சொன்னேன்.

படகை அந்த மாதமே விற்றார். அதன் பிறகு அவர் கடற்கரைக்கு வரவில்லை. சாயங்காலங்களில் நானும் மகளும் போவோம், அவர் வீட்டில் இருப்பார். இரண்டாயிரத்துக்குப் பிறகு கூடுவாஞ்சேரியில் வீடு வாங்கிக் குடிவந்தோம். அணுமின் நிலையத்தில் எத்தனையோ வால்வுகளைக் கையாண்ட மனிதர், கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வந்து படுப்பார், எழுந்து போவார், மறுபடி வந்து படுப்பார். பிறகு என் பக்கம் திரும்புவார்.

“நீ ஒரு தடவை பார்த்துட்டு வந்துடு. என் கையை நான் நம்பறதில்லை.”

நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். ஒரு நாள்கூட அவர் மூடாமல் விட்டதில்லை.