தாலி என் மடியில், டிரைவர் மனசு ரேஸ் டிராக்கில்

இன்று மயிலம் கோயிலில் தங்கை மகள் கல்யாணம். விழுப்புரம் வீட்டிலேயே மறந்துவிட்ட தாலியை எடுத்துக்கொண்டு வாடகைக் காரில் பறந்தேன்.

டிரைவர் தம்பிக்கு ரேஸ் கார் பைத்தியம். "அண்ணே, டிராக்கை ஒரு ரவுண்டு சுத்தறதுல பழைய மாடலைவிட புது மாடலு பத்து செகண்டு ஜல்தி!"

கூட்டேரிப்பட்டு தாண்டியதும் முன்னால் கரும்பு டிராக்டர், நத்தை மாதிரி.

போனில் தங்கை அழுகிறாள். "முகூர்த்தம் முடியப்போவுது, எங்கண்ணே வந்துக்கினு இருக்க?"

போனை வைத்துவிட்டு முன்னால் குனிந்தேன். "தம்பி, அந்தப் புது மாடலு வேகத்தை இப்ப காட்டேன்!"

"வளைவுல முந்தக்கூடாதுண்ணே. டிராக்குல கரும்பு லோடு வராது."

மாப்பிள்ளை வீட்டார் முறைக்க முறைக்க, கடைசி நிமிடத்தில் தாலி ஏறியது.

பந்தியில் தம்பியைப் பக்கத்திலேயே உட்கார வைத்தேன். பாயசத்தில் முந்தியது இந்தப் பழைய மாடல்தான். போட்டிக்கு யார் வருகிறீர்கள்?