மந்திரவாதி வருவதற்குள் முடிந்த படங்கள்

எட்டு வயது வரைக்கும், பேய்ப் படங்களில் கடைசியில் பேய்தான் ஜெயிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். யாரோ சொல்லிக் கேட்டு நம்பியதல்ல. ஒரே வருடத்தில் கோவில்பட்டித் தியேட்டர்களில் ஐந்து படங்களை உட்கார்ந்து பார்த்த பிறகு ஏற்பட்ட நம்பிக்கை.

கூட்டிப்போனவள் அத்தை, அப்பாவின் தங்கை. ஓட்டப்பிடாரம் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நான் இரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக்கொடுத்த மேசை விசிறியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். துணிமணிகூட ஒரு பைதான். கேட்டவர்களிடம் அம்மா, "அங்கத்த தண்ணி உடம்புக்குச் சேரல. கொஞ்ச நாள் இருக்கட்டும்னு வரச்சொன்னோம்" என்றாள். எனக்கு அத்தையின் உடம்பில் ஒரு கோளாறும் தெரியவில்லை. நன்றாகச் சாப்பிட்டாள். ஒரே மாதத்தில் எங்கள் தெருப் பெண்களோடு சேர்ந்து தீப்பெட்டி ஆபீஸுக்கு பண்டல் கட்டப் போக ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அதனால் அத்தை பெரிய உத்தியோகத்தில் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிவைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் லீவு. எங்காவது பேய்ப் படம் போட்டிருந்தால் மத்தியான ஆட்டத்துக்கு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அப்பாவுக்கு இது பிடிக்காது. அவர் வத்தல் மண்டியில் வேலை பார்த்தார். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வரும் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவிலேயே ஆறு நாளும் இருந்துவிட்டு, ஏழாம் நாளும் வீட்டில் தும்மிக்கொண்டிருப்பார்.

"உசுரோட இருக்கையிலயும் அவளத்தான் அடிக்கான். செத்த பெறகும் அவளத்தான் அடிக்கான். பொம்பளைய அடிக்கிறதப் போயி உக்காந்து பாக்கணுமாக்கும்" என்பார் தும்மலுக்கு நடுவில்.

"நடுவுல அவ அடிக்கால்லாண்ணே. அதுக்குத்தான் போறேன்" என்று அத்தை செருப்பை மாட்டுவாள்.

பேய்ப் படங்கள் பெண்களை வெறுக்கின்றனவா இல்லையா என்று இப்போது என் நண்பர்கள் மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். இரண்டு பக்கத்தையும் இவ்வளவு சுருக்கமாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

தியேட்டரில் எங்களுக்கு முன்பே அத்தையின் ஆபீஸ் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வரிசையைப் பிடித்து வைத்திருப்பார்கள். அவர்களில் மூத்தவள் ஒருத்தி. எல்லோரும் அவளை மதினி என்று கூப்பிட்டார்கள். முறுக்குப் பொட்டலம் அவள் பொறுப்பு. அத்தை நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். இடைவேளை வரைக்கும் யாரும் படத்தைப் பெரிதாகக் கவனிக்க மாட்டார்கள். இடைவேளைக்குப் பிறகு, செத்துப்போனவள் கிளம்பி வருவாள். தன்னைக் கொன்றவனைத் தேடிப் பிடித்து விட்டத்தில் ஒட்டவைப்பாள். கிணற்றில் தலைகீழாகத் தொங்கவிடுவாள். எங்கள் வரிசை அப்போதுதான் முறுக்கைக் கடிக்கும். எனக்குப் பயமே வந்ததில்லை. பக்கத்தில் அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது எப்படிப் பயம் வரும்?

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது எங்கிருந்தோ உடுக்கைச் சத்தம் கேட்கும். அத்தை என் கையைப் பிடிப்பாள்.

"ஏட்டி, எந்தி. படம் முடிஞ்சிட்டு."

"அவியல்லாம் உக்காந்திருக்காவளே அத்த?"

"அவிய அடுத்த ஆட்டத்துக்கும் சேத்து உக்காந்திருக்காவ."

நான் நம்பினேன். வெளியே வந்தால் வெயில் கண்ணைக் குத்தும். வீடுவரைக்கும் நடை. "பெறகு அந்த அக்கா என்ன செய்வா?" என்று கேட்பேன். அத்தை ஒவ்வொரு பேய்க்கும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொன்னாள். ஒருத்தி அதே வீட்டு மாடியில் காற்றோட்டமாக இருந்துகொண்டு தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறாள். இன்னொருத்தி மணியாச்சியில் ரயிலேறி அம்மாவைப் பார்க்கப் போய்விட்டாள். டிக்கெட் பரிசோதகர் கண்ணுக்கு அவள் தெரியவில்லை. மூன்றாமவள் எங்கள் ஊரிலேயே ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சேர்ந்திருக்கிறாள். "அவளுக்குப் பசிக்காதுல்லா, மத்தியானமும் எந்திக்காமப் பண்டல் கட்டுவா. முதலாளிக்கு அவளக் கண்டா ஒரே சந்தோசம்" என்றாள் அத்தை.

இந்த முடிவுகளையெல்லாம் நான் வகுப்பில் சொல்லிக்கொண்டு வந்தேன். மூன்றாம் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் உட்காருபவள் ஒரு பாத்திரக்கடைக்காரர் மகள். ரயிலேறிப் போன பேயை அவளும் அவளுடைய அக்காவின் போனில் பார்த்திருந்தாள்.

"ரயில்ல ஒண்ணும் போகல. மந்திரவாதி அவளப் புடிச்சி எரிச்சிருவான்" என்றாள்.

நான் மறுத்தேன். அவள் விடவில்லை. சண்டை டீச்சர்வரை போனது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் கையைத் தூக்கச் சொன்னார் டீச்சர். நான்கு கைகள் எழுந்தன. நான்கு பேரும் பேய் எரிந்துபோனதாகவே சொன்னார்கள். டீச்சர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுக் கணக்குப் பாடத்தைத் தொடங்கினார். அன்று சாயங்காலத்துக்குள் எனக்குப் புளுகுணி என்று பெயர் வந்துவிட்டது. தண்ணீர்க் குழாயடியில்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அந்த வாரப் படத்தின் பேய் மற்ற எல்லோரையும்விட பலசாலி. ஒரு ஜீப்பையே தூக்கி எறிந்தாள். அவளைக் கொன்ற புருஷன் அந்த ஜீப்புக்கடியில் கத்திக்கொண்டிருந்தபோது உடுக்கைச் சத்தம் கேட்டது. அத்தை கையை நீட்டினாள். நான் நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் வரல. முடிவப் பாக்கணும்."

"ஏட்டி, சொன்னாக் கேளு."

"எல்லாரும் என்னியப் புளுகுணிங்காவ" என்றேன். அழுகை வந்துவிட்டது.

பின்னாலிருந்து யாரோ மறைக்கிறது என்றார்கள். அத்தை நின்ற இடத்திலேயே என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள்.

மந்திரவாதி வந்தான். ஜீப்பைத் தூக்கியவளின் தலைமுடியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துத் தரையோடு இழுத்தான். வேப்பங்குழையால் அடித்தான். பெயரைச் சொல் என்றான். சொன்ன பிறகும் அடித்தான். அவள் இரண்டு கையையும் கூப்பிக் கெஞ்சினாள். அவ்வளவு பலமும் எங்கே போனதென்று எனக்கு விளங்கவில்லை. ஜீப்புக்கடியில் கிடந்த புருஷன் புதுச் சட்டை போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் அத்தையின் பக்கம் திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. ஒரு கையால் தன் கொண்டையைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள்.

எங்கள் வரிசையில் முறுக்குச் சத்தம் நின்றிருந்தது. திடீரென்று மதினி எழுந்து நின்றாள். திரையைப் பார்த்து, சாலையில் போகிறவனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

"ஏலே, முடிய விடுலே."

நாலைந்து பேர் சிரித்தார்கள். அடுத்து இன்னொருத்தி எழுந்தாள். "விடச்சொல்லுதாவல்லா, காது கேக்கலையா?" மீதியிருந்த முறுக்கோடு பொட்டலம் பறந்துபோய்த் திரைக்குக் கீழே விழுந்தது. தியேட்டர்காரர் டார்ச் லைட்டோடு ஓடி வந்தார்.

"சினிமாதானம்மா. உக்காருங்க. இல்லன்னா இனிமே உள்ளயே விடமாட்டேன்."

"நாங்க கெளம்புதோம். நீரு லைட்டக் கீழ அடியும், படி தெரியல" என்றாள் மதினி.

வரிசை முழுவதும் எழுந்தது. அவர் லைட்டைக் கீழே அடிக்க, ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தோம். சைக்கிள் ஸ்டாண்டின் தகரக் கொட்டகைக்கு அடியில் நின்று எல்லோரும் சிரித்தார்கள். அத்தை கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தாள். நடுவில் மதினியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். மதினி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடியே, பக்கத்தில் நின்றவளிடம் என்னைக் கூட்டிப்போய் நன்னாரி சர்பத் வாங்கிக்கொடுக்கச் சொன்னாள். எல்லோரும் ஆளுக்கொன்று குடித்தோம்.

மறுநாள் பாத்திரக்கடைக்காரர் மகளிடம் அவள் சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொண்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா ரயில்ல போனதுதான் நல்லாருந்துச்சி" என்றாள். பிறகு யாரும் என்னைப் புளுகுணி என்று கூப்பிடவில்லை.

தியேட்டர் விவகாரம் தெருவுக்கே தெரிந்துவிட்டது. அப்பா அதைக் கேட்டு இரண்டு முறை தும்மினார், அவ்வளவுதான். ஆனால் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டப்பிடாரத்திலிருந்து கார் வந்து நின்றது. அத்தையின் புருஷனும், அவரோடு அவருடைய பெரியப்பாவும் வந்திருந்தார்கள். மாமா எனக்கு பிஸ்கட் வாங்கிவந்திருந்தார். மெதுவாகப் பேசுகிறவர், எனக்கு அவரைப் பிடிக்கும். அம்மா என்னை வெளியே போய் விளையாடச் சொன்னாள். நான் போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

பெரியவர்தான் பேசினார். "இவன் கைய நீட்டுதவன் இல்ல. எங்கிட்ட சத்தியம் பண்ணிச் சொன்னான். அப்படியிருக்கையில, யாருட்டயும் சொல்லாமக் கொள்ளாம பாதியில எந்திச்சி வந்தது தப்பா இல்லையா? நீங்களே சொல்லுங்க."

அத்தை சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தியேட்டரில் பாதியில் எழுந்து வந்தது ஓட்டப்பிடாரம்வரை எட்டிவிட்டது என்பது எனக்கு உறுதியாயிற்று. நான் அடம்பிடித்ததால் வந்த வினைக்கு அத்தை ஏச்சு வாங்குகிறாள். கதவை விட்டு வெளியே வந்தேன்.

"அத்த மேல தப்பில்ல தாத்தா. முடியப் புடிச்சித் தரையோட இழுத்து அடிச்சாவ. கையெடுத்துக் கும்பிட்ட பெறகும் விடல. அதான் எந்திச்சி வந்தது."

பெரியவர் என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டார்.

"இத யாரும்மா உனக்குச் சொல்லிக்குடுத்தா?"

"யாரும் சொல்லல. நானே பாத்தேன்."

மாமாவின் முகம் வெளுத்துப்போனது. "அது அன்னைக்கு ஒரு நாளுதான் பெரியப்பா" என்றார்.

பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். ஒரு வார்த்தையில் சினிமா என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காபி டம்ளரை விரலால் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்தார். "எங்கிட்ட வேற மாதிரில்லா சொல்லியிருந்தான்" என்று அப்பாவிடம் சொன்னார். அத்தையைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு வெளியே போனார். மாமா பின்னாலேயே போனார்.

அத்தை அதற்குப் பிறகு அந்த ஊருக்குப் போகவில்லை. இன்று அந்தத் தீப்பெட்டி ஆபீஸில் பண்டல் பிரிவு முழுவதும் அவள் மேற்பார்வையில்தான் நடக்கிறது.

அன்றைக்குக் கார் கிளம்பியதும் அத்தை என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எட்டு வயதுப் பெண்ணைத் தூக்குகிறாளே என்று அம்மாகூடச் சிரித்தாள். அடம்பிடித்ததற்கு யாரும் என்னைத் திட்டவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் இருந்தது. தியேட்டரில் நடந்தது மாமாவுக்கு எப்படித் தெரியும்? யோசித்துப் பார்த்து, அவரும் அந்தப் படத்துக்கு வந்து பின்னால் எங்கேயோ தனியாக உட்கார்ந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன். எங்கள் வரிசையில் இடம் இருந்ததே, கூப்பிட்டிருக்கலாமே என்று அவருக்காக எனக்குக் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.