டிஸ்க் லிஸ்டில் ரெண்டைக் காணோம்

1. பெட்டி கத்திய காலை

விஜயதசமி அன்று காலையில் நான்தான் சுவிட்சைப் போட்டேன். எடுத்த வீடியோவை எல்லாம் சேர்த்து வைக்கிற பெட்டி கொஞ்ச நேரம் உறுமியது. அப்புறம் பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. அது எங்கள் வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்தில் ஒருநாளும் அப்படிக் கத்தியது கிடையாது.

அடுப்படியில் இருந்து செல்வி ஓடிவந்தாள். செல்வி என் மருமகள். செல்லூரில் எங்கள் வீடியோ கடையில் எடிட்டிங் வேலை முழுக்க அவள் கையில்தான்.

"அத்தை, என்னத்த அமுக்குனீங்க?"

"சுவிட்சத்தான் அமுக்குனேன். வேற என்னத்த அமுக்குவேன், உன் கழுத்தையா?"

அவள் சிரிக்கவில்லை. நேரே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து பெட்டியின் செட்டிங்ஸைத் திறந்தாள். அதில் ஸ்டோரேஜ் என்று ஒரு பக்கம் உண்டு. உள்ளே இருக்கிற டிஸ்க்குகளை வரிசையாகக் காட்டும். எத்தனாவது அறை, என்ன சைஸ், என்ன நம்பர், எம்புட்டுச் சூடு எல்லாம் அதில் இருக்கும். எங்கள் பெட்டியில் நாலு அறை, நாலு டிஸ்க். அன்றைக்கு லிஸ்டில் ஒண்ணும் ரெண்டும் இருந்தது. மூணாவது, நாலாவது அறைக்கு நேராக வெறும் கோடு. டிஸ்க்கே இல்லையாம்.

"கண்ணுக்கு முன்னாடி குத்துக்கல்லாட்டம் உள்ள இருக்கு, இல்லைங்குதே!" என்றாள் செல்வி.

"ஓட்டர் லிஸ்ட்ல பேரு விட்டுப்போச்சுன்னா ஆளு செத்தா போயிட்டான்? இருத்தா, பாப்பம்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. விரல் லிஸ்டை இன்னொரு தரம் எண்ணிக்கொண்டிருந்தது.

2. நான் எப்படி இந்த வேலைக்கு வந்தேன்

இதைப் படிக்கிற பிள்ளைகள், மூணாம் வகுப்போடு நின்ற பொம்பளைக்கு ஸ்டோரேஜ் பெட்டியில் என்ன வேலை என்று நினைக்கலாம். சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்காரர் வீடியோ கேமரா வாங்கிய காலத்தில் லைட் பிடிக்க வந்த ஆள்கள் யாரும் நிலைக்கவில்லை. கல்யாண வீட்டுச் சாப்பாட்டைக் கண்டால் லைட்டைக் கீழே வைத்துவிட்டுப் பந்திக்கு ஓடிவிடுவார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சன்கன் லைட்டைத் தூக்கினேன். மாப்பிள்ளை வீட்டார் சிரித்தார்கள். தாலி கட்டும்போது மாப்பிள்ளை முகத்தில் நிழல் விழாமல் நான் பிடித்த பிடியைப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றது. அப்புறம் "லைட்டக்கா வந்தாத்தான் கல்யாணம்" என்று சொன்னவர்களும் உண்டு.

லைட்டு போக, எடுத்ததைப் பத்திரப்படுத்துவதும் என் வேலை. கேசட் இருந்தபோது பீரோவில் அடுக்கினேன். சிடி வந்தது, ஹார்ட் டிஸ்க் வந்தது, கடைசியில் இந்தப் பெட்டி வந்தது. பெட்டி மாறியது, காவல் மாறவில்லை. இங்கிலீஷில் பெரிய எழுத்தும் நம்பரும் எனக்கு நன்றாகத் தெரியும். அதற்கு மேல் இருந்தால் செல்வி வாசிப்பாள். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் கிடையாது.

3. பாய் வந்தார்

அன்றைக்குப் பார்த்து ஜமால் பாய் வந்து நின்றார். பழைய டவுனில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவர். அவர் மகளுக்கு முந்தின வாரம்தான் நிக்காஹ் முடிந்திருந்தது. வீடியோ நாங்கள் எடுத்தது. மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. பெண்ணும் மாப்பிள்ளையும் அன்றைக்குச் சாயந்திர ஃப்ளைட்டில் கிளம்புகிறார்கள்.

"யக்கா, வீடியோ ரெடியா? சம்பந்தியம்மா அங்க படுத்த படுக்கையா கெடக்குறாங்க. மகன் நிக்காஹ்வுக்கு வர முடியலேன்னு ஒரே அழுகை. எம்மக போய் எறங்குனதும் மாமியா கையப் புடிச்சு மொதல்ல அதத்தான் போட்டுக் காட்டப் போறேன்னு சொல்லி வச்சிருக்கு. அந்தம்மா கண்ணு மூடுறதுக்குள்ள பாத்துறணும்கா."

நான் செல்வியைப் பார்த்தேன். செல்வி ஸ்கிரீனில் இருந்த வெறும் கோட்டைப் பார்த்தாள்.

அந்த நிக்காஹ் இருந்தது அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான். கேமரா கார்டை அழித்துவிட்டு அழகர்கோவிலில் ஒரு காதுகுத்துக்கு எடுத்துப் போயிருந்தோம். பெட்டிக்குள் போய்விட்டால் கார்டை அழித்துவிடலாம் என்பதுதான் எங்கள் வழக்கம். நாலு டிஸ்க்கில் ஒன்று படுத்தாலும் மற்ற மூணும் சேர்ந்து காப்பாற்றும் என்று பெட்டி விற்ற கடையில் சொல்லியிருந்தார்கள். அது நெசம்தான். ஆனால் இப்போது காணாமல் போனது ஒன்று இல்லை, ரெண்டு.

"பாய், பெட்டியில ஒரு சின்னக் கோளாறு. மத்தியானத்துக்குள்ள சொல்றேன், உக்காருங்க" என்றேன். பொய் சொல்ல எனக்கு வராது.

பாய் முகம் சுண்டிப்போனது. "என்னக்கா இப்பிடிச் சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

செல்வி சர்வீஸ் தம்பிக்குப் போன் போட்டாள். அவர் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தார். "நாளைக்குத்தான் வர முடியும்க்கா. ஸ்கிரீன்ல புதுசா ஸ்டோரேஜ் உருவாக்கவான்னு ஒரு பட்டன் காட்டுதா? அத மட்டும் தொட்டுறாதீங்க. தொட்டா எல்லாத்தையும் தொடச்சிரும். மொறையா ஷட்டவுன் பண்ணிட்டு, வேணும்னா டிஸ்க்கக் கழட்டி மாட்டிப் பாருங்க. ஓடிட்டு இருக்கையில கழட்டாதீங்க" என்றார். நல்ல மனுஷன். அந்த ஒரு வார்த்தை எங்களைக் காப்பாற்றியது. ஏனென்றால் செல்வி அந்தப் பட்டன் மேல்தான் அம்புக்குறியை வைத்துக்கொண்டிருந்தாள்.

4. பல்பா, ஹோல்டரா

ஷட்டவுன் செய்து மூணாவது அறையை இழுத்தேன். டிஸ்க் வெளியே வந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். பக்கவாட்டில் சந்தனம். அடியிலும் சந்தனம்.

"ஏத்தா, டிஸ்க்குக்கு யாரு பொட்டு வச்சது?"

எங்கள் கேமராமேன் பாண்டி அப்போதுதான் பொரியும் கடலையும் மென்றுகொண்டு உள்ளே வந்தான். நாற்பது வயசு, சாமி பக்தி ஜாஸ்தி. "நாந்தேன்க்கா. கேமராவுக்கு வச்சேன், டிரைபாடுக்கு வச்சேன், டிரோனுக்கு வச்சேன். நம்ம பொழப்பே இதுக்குள்ளதான இருக்கு, இதுக்கு வெளிய மட்டும் வச்சா எப்பிடின்னு ஒவ்வொண்ணா உருவி நாலு பக்கமும் வச்சு, திரும்பச் சொருகிட்டேன்."

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் எல்லா மிஷினையும் நிறுத்தித் துடைத்துப் பொட்டு வைத்துவிடுவோம். அன்றைக்கு எதுவும் ஓடக்கூடாது. பெட்டியும் முந்தின நாளே நிறுத்தியாயிற்று. அதனால் பாண்டி உருவியபோது கரண்டு இல்லை. அதுவரைக்கும் சாமி காப்பாற்றியது.

பாய் எழுந்து வந்து பார்த்தார். "பொட்டு வச்சா படம் ஓடும்னு யாருப்பா ஒனக்குச் சொன்னது?"

"நல்ல எண்ணத்துலதான் பாய் வச்சேன்."

"நல்லவேளை, எங்காளுக யாரும் ஒங்க கடையில இல்ல. அத்தர அள்ளி ஊத்திருப்பாங்க."

அந்த நேரத்திலும் எல்லோரும் சிரித்துவிட்டோம். சிரித்தது நல்லதாகப் போயிற்று.

ஆனால் பொட்டுதான் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. ஒண்ணிலும் ரெண்டிலும் கூடத்தான் பொட்டு இருந்தது. அது ரெண்டும் லிஸ்டில் ஜம்மென்று நிற்கிறது. அப்படியானால் கெட்டது டிஸ்க்கா, அறையா?

இது எனக்குப் பழகிய கேள்வி. மண்டபத்தில் லைட் எரியவில்லை என்றால் பல்பு போச்சா, ஹோல்டர் போச்சா என்று பார்க்க வேண்டும். சந்தேகப்பட்ட பல்பை நல்ல ஹோல்டரில் போடு, நல்ல பல்பைச் சந்தேகப்பட்ட ஹோல்டரில் போடு. எது கூடவே கோளாறு போகிறதோ அதுதான் கெட்டது.

"செல்வி, நாலையும் வெளிய எடு. எது எந்த அறையில இருந்துச்சுன்னு டேப்ப ஒட்டி எழுது. ஒண்ணாம் நம்பரத் தூக்கி மூணாவது அறையில தனியா போடு."

போட்டு, சுவிட்சைத் தட்டினோம். லிஸ்டில் மூணாவது அறைக்கு நேராக டிஸ்க் வந்து நின்றது. செல்வி ஸ்கிரீனில் டிஸ்க் நம்பரின் கடைசி நாலு எழுத்தை வாசித்தாள். டிஸ்க் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரோடு நான் ஒத்துப்பார்த்தேன். சரியாக இருந்தது. நாலாவது அறையிலும் அப்படியே வந்தது.

"அறை நல்லாருக்கு. இப்ப மூணாம் நம்பர ஒண்ணாவது அறையில போடு."

லிஸ்டில் ஒன்றுமில்லை. வெறும் கோடு. நாலாம் நம்பரைப் போட்டோம், அதுவும் வரவில்லை.

"அப்ப டிஸ்க்குதான் போச்சா அத்தை? ரெண்டுமா?" என்றாள் செல்வி. பாய் தலையில் இருந்த தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மகளிடம் இருந்து போன் வந்தது. அவர் எடுக்கவில்லை.

நான் மூணாம் நம்பரை வாசல் பக்கம் வெயிலுக்குக் கொண்டுபோனேன். பெட்டியோடு போய்ச் சேருகிற பின்பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி தங்க நிறத்தில் வரிசையாகப் பல் இருக்கும். அதுவழியாகத்தான் கரண்டும் படமும் போகும், வரும். அந்தப் பல்லுக்கு மேல் மஞ்சளாக, மொறமொறப்பாக, புண்ணில் கட்டிய பக்கு மாதிரி காய்ந்து கிடந்தது சந்தனம்.

"ஏலே பாண்டி, இங்கிட்டும் வச்சியா?"

"நாலு பக்கமும்னு சொன்னேன்ல. மொதல்ல நாலாவத உருவினேன், அப்புறம் மூணாவது. சந்தனம் நல்லா கொழகொழன்னு இருந்துச்சு. அதுக்குள்ள தீந்துபோச்சு. மத்த ரெண்டுக்கும் முன்னாடி குங்குமம் மட்டும் வச்சேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது. டிஸ்க் சாகவில்லை, வாயில் சந்தனம் அடைத்துக்கொண்டு பேச முடியாமல் கிடக்கிறது!

5. நாலும் வந்தது

கேசட் காலத்தில் விசிஆர் ஹெட் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட் எங்கள் வீட்டில் இன்றைக்கும் இருக்கிறது. காது குடையும் பஞ்சில் அதைத் தொட்டு, பாண்டியையே துடைக்கச் சொன்னேன். கை பதமான ஆள், லென்ஸ் துடைத்துப் பழகியவன். "அழுத்தாத. ஊற விடு. தானா வரட்டும்" என்று நான் டார்ச் பிடித்தேன். பல்லுக்குப் பல் சந்தனம் கரைந்து வந்தது. கடைசியில் பளபள என்று ஆனது. அவசரப்படாமல் நன்றாகக் காயவிட்டோம். பாய் கடிகாரத்தைப் பார்த்தார், டிஸ்க்கைப் பார்த்தார், ஆனால் அவசரப்படுத்தவில்லை. அந்தப் பொறுமைக்கு அவருக்கு நான் கடன்பட்டவள்.

டேப்பைப் பார்த்து அதது அறையில் அததைச் சொருகினோம். சுவிட்சை நானே போட்டேன்.

பெட்டி உறுமியது. கத்தவில்லை.

செல்வி செட்டிங்ஸைத் திறந்தாள். ஒண்ணு வந்தது. ரெண்டு வந்தது. அங்கேயே கொஞ்சம் நின்றது. மூணு. அப்புறம் நாலு. நாலுக்கும் நேராகப் பச்சை.

செல்வி போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுத் தறி நின்று, ஆட்கள் எட்டிப்பார்த்தார்கள். பாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டான். நான் மட்டும் அசையவில்லை. "பச்சை இருக்கட்டும். படத்த ஓட விடு" என்றேன்.

ஓடவிட்டாள். மாப்பிள்ளை சம்மதம் என்று மூணு தரமும் "கபூல்" சொன்னது கணீர் என்று கேட்டது. ஜமால் பாய் ஸ்கிரீன் பக்கத்தில் போய் நின்று, "மாஷா அல்லாஹ்" என்றார். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "யக்கா, சீக்கிரம் காப்பி போடுங்க, ஏர்போர்ட்டுக்கு நேரமாச்சு!" என்று ஒரு அதட்டல். அதட்டியது எனக்கு அம்புட்டுச் சந்தோஷமாக இருந்தது. பழைய பாய் திரும்பி வந்துவிட்டார்.

மறுநாள் அந்தப் பெண் போன் செய்தது. மாமியார் படுத்தபடியே முழுசாகப் பார்த்தாராம். ரெண்டாவது தரமும் போடச் சொன்னாராம். ஒரே ஒரு குறைதான் சொன்னாராம், பிரியாணி தேக்சாவை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருக்கலாம் என்று. பாண்டியிடம் சொன்னேன். "அதுக்கென்ன, பேரப்பிள்ள விசேஷத்துல தேக்சாவ மட்டும் எடுத்துருவோம்" என்றான்.

6. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு

லிஸ்டில் டிஸ்க் காணவில்லை என்றால் டிஸ்க் செத்துப்போனது என்று அர்த்தம் இல்லை. பதறிப்போய் எதையும் புதுசாக உருவாக்காதே. நிறுத்து, கழற்று, அடையாளம் போடு, மாற்றி மாட்டிப்பார், பல்லைப் பார். இது ஒரு பாடம்.

இதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருக்கிறது. அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம், அது எங்கள் சாமர்த்தியம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த டிஸ்க்குகள் உண்மையிலேயே செத்திருந்தால் என் சாமர்த்தியத்தைக் கொண்டு அந்தம்மாவுக்கு என்னத்தைக் காட்டியிருக்க முடியும்? நாலு டிஸ்க் இருந்தாலும் பெட்டி ஒன்றுதான். இப்போதெல்லாம் ஒவ்வொரு விசேஷத்துக்கும் ரெண்டாவது காப்பி ஒன்று கப்பலூரில் பாண்டி வீட்டு பீரோவில் இருக்கிறது. ரெண்டையும் ஓடவிட்டு நான் கண்ணால் பார்த்த பிறகுதான் கார்டை அழிக்கலாம். மகனே ஆனாலும் இதுதான் சட்டம்.

இன்றைக்கு எங்கள் தெருவைச் சுற்றி யார் வீட்டுப் பெட்டி படுத்தாலும், "லைட்டக்காவக் கூப்பிடு" என்கிறார்கள். வாரேன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டே ஒரு கேள்வி கேட்பேன்: "ரெண்டாவது காப்பி எங்க இருக்கு?" இருக்கிறது என்று சொன்னால் மெதுவாக நடந்து போவேன். இல்லை என்று சொன்னால் ஆட்டோ பிடிப்பேன்.