செத்திமியோவின் மதியப் பொட்டலம்

பல்மீராவின் கடையில் ஒயின் மட்டும்தான். சாப்பாட்டை நாம்தான் கட்டிக்கொண்டு போகவேண்டும். பிரஸ்காத்தி ஊரில் இந்த மாதிரிக் கடைகளின் வழக்கம் அது. நிலவறையிலிருந்து அந்த வருடத்து வெள்ளை ஒயினைச் சில்லென்று கொண்டுவந்து வைப்பாள். ஆளாளுக்குப் பொட்டலத்தைப் பிரித்து மேஜை நடுவே வைப்பார்கள். யார் வீட்டுச் சமையல் என்ன லட்சணம் என்பது அங்கே நாறிவிடும்.

பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற செத்திமியோவுக்கு அந்த மேஜையில் ராஜ மரியாதை. அவருக்காக இல்லை, அவர் மனைவி எர்சிலியா மாவில் தோய்த்துப் பொரிக்கும் உப்புமீனுக்காக. மேலே மொறுமொறு, உள்ளே பஞ்சு. ஒரு வாய் மீன், ஒரு மடக்கு ஒயின். அந்த இளம்புளிப்பு எண்ணெயை அடித்துக்கொண்டு போய்விடும். நாக்கு அடுத்த துண்டைக் கேட்கும். வசந்தம் வந்தால் பச்சை மொச்சையும் ஆட்டுப்பால் சீஸும்.

"உன் பொண்டாட்டி பொட்டலத்துக்காகத்தான்டா உன் மூஞ்சியப் பொறுத்துக்கறோம்" என்பார் எதிரே உட்காரும் கொத்தனார் ஒர்ஃபேயோ. செத்திமியோவுக்குப் பெருமை பிடிபடாது.

எல்லாம் இந்தக் குளிர்காலம் வரைதான். ஒரு நாள் ரொட்டிக்குள் ஒன்றுமே இல்லை. இன்னொரு நாள் வேகாத உருளைக்கிழங்கு. அப்புறம் துணி மாட்டும் கிளிப்புகள், அழகாகக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டி. செத்திமியோ பிரித்த வேகத்தில் மூடினார். "வயிறு சரியில்லப்பா" என்று சமாளித்தார்.

விஷயம் வெளியே தெரிந்தால் மகள் லொரெதானாவின் காதுக்குப் போய்விடும். அவள் கறாராகச் சொல்லியிருந்தாள்: "அம்மாவுக்கு மறதி இன்னும் மோசமாச்சுன்னா முதியோர் ஹோம்லதான் சேக்கணும். என்னைத் திட்டாதீங்கப்பா." கல்யாணமான நாளிலிருந்து ஒரே கட்டில். எர்சிலியாவை எங்கோ விட்டுவிட்டு இவர் எப்படித் தூங்குவார்? பாவம், மனுஷன் என்னதான் செய்வார்! எர்சிலியா கட்டிக் கொடுத்ததை வழியில் குப்பையில் போட்டார். கறிக்கடையில் பன்றி வறுவல் வாங்கி, அவள் காகிதத்தில் சுற்றி, அவள் நூலால் கட்டிக் கொண்டுவந்தார்.

"என்னடா, தினம் பன்றியா? உன் மகராசி மீன் பொரிக்க மறந்துட்டாளா?" என்று ஒர்ஃபேயோ சிரித்தார்.

செத்திமியோவும் சிரித்தார்.

மே மாதத்தில் ஒரு மதியம். எர்சிலியா தூங்குகிறாளே என்று ஓசைப்படாமல் கிளம்பி வந்திருந்தார். மூன்றாவது கிளாஸ் முடியும் நேரம், வாசலில் அவளே நின்றாள். காலில் வீட்டுச் செருப்பு, கையில் பொட்டலம். நேரே அவரிடம் வந்தாள்.

"ஐயா, செத்திமியோன்னு ஒருத்தர் இங்க வருவாரே, வந்துட்டாரா? சாப்பாட்ட விட்டுட்டுப் போயிட்டார்."

இத்தனை வருடம் "டேய் செத்தி" என்று மட்டுமே கூப்பிட்ட வாய். ஒர்ஃபேயோ தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னும் வரலம்மா" என்றார் செத்திமியோ. "உக்காருங்க. இப்ப வந்துடுவார்."

அவள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். உள்ளே என்ன இருக்கிறதோ என்ற பயத்தில் அவர் பொட்டலத்தைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தை மெல்லப் பிரித்தார். உப்புமீன். பொன்னிறமாய், பழைய மாதிரியே, சூடு ஆறாமல். அவரால் தாங்க முடியவில்லை. ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனார்.

"அடுத்தவங்க சாப்பாட்டுல கை வைக்கறீங்களே, வெக்கமா இல்ல?" எர்சிலியா அவர் கையைத் தட்டிவிட்டாள். "அது என் புருஷனுக்குக் கட்டினது!"

"தப்புதாம்மா. மன்னிச்சுக்குங்க."

மீனைத் திரும்ப வைத்துக் காகிதத்தை மடித்தார். நூலைக் கட்டப் போனார். அவளே வாங்கிக் கட்டினாள். பல்மீரா ஒயின் குடுவையோடு பக்கத்தில் வந்து நின்றாள். செத்திமியோ அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"லொரெதானாவுக்கு நீயே ஒரு போன் போட்டுடு பல்மீரா. என்னால சொல்ல முடியாது."

எர்சிலியா பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி இருந்தாள்.